குடற்குழிக்குள் நடக்கும் பங்கீடு

சிறுகுடலின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் செல்களில் பெரும்பாலானவை நான்கைந்து நாட்களுக்குமேல் வாழ்வதில்லை. உணவை உறிஞ்சும் குடலுறிஞ்சிகளின் நுனியிலிருந்து அவை உதிர உதிர, உறிஞ்சிகளின் அடிவாரத்திலுள்ள நுண்குழிகளில் குருத்தணுக்கள் பிரிந்து புதிய செல்களை மேலே அனுப்புகின்றன. குடற்பரப்பின் எவ்வகைச் செல்லாகவும் மாறவல்ல இக்குருத்தணுக்களை, நெதர்லாந்தின் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர் 2007இல் எல்ஜிஆர்5 என்னும் புரதத்தை அடையாளமாகக் கொண்டு இனங்கண்டனர்.

பிறக்கும் செல் என்னவாகும் என்பதைத் தீர்மானிப்பதில் அது நிற்கும் இடத்துக்குப் பெரும்பங்கு உண்டு. குழியின் அடியில் 'விண்ட்' எனும் சமிக்ஞைப் புரதம் மிகுந்திருப்பதால் அங்குள்ள செல்கள் குருத்தணுக்களாகவே நீடித்துப் பிரிகின்றன. மேலே ஏற ஏற விண்ட் குறைந்து, அதன் செயலைத் தடுக்கும் பிஎம்பி சமிக்ஞை வலுப்பதால், செல்கள் பிரிவதை நிறுத்தித் தமக்குரிய தொழிலை ஏற்கின்றன. எத்தொழில் என்பதை அண்டைச் செல்களுக்கிடையிலான 'நாட்ச்' தொடர்பு வகுக்கிறது: நாட்ச் தூண்டப்பட்ட செல் உணவை உறிஞ்சுவதாகவும், தூண்டப்படாதது கோழையையோ இயக்குநீரையோ சுரப்பதாகவும் மாறுகிறது. எலிகளில் நாட்ச் தொடர்பைத் துண்டித்தபோது, குழியில் பிரிந்துகொண்டிருந்த செல்கள் கோழை சுரக்கும் செல்களாகவே மாறிவிட்டதை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. உறிஞ்சுவோர்க்கும் சுரப்போர்க்கும் இடையிலான விகிதம் மேலிருந்து வரும் ஆணையால் அல்லாமல், அக்கம்பக்கத்துச் செல்களின் தொடுகையாலேயே காக்கப்படுவது இத்துறையின் மிகச் சிறந்த கண்டுபிடிப்புகளுள் ஒன்று.

குடலில் இச்சமிக்ஞைகளின் பங்கு அறியப்படுவதற்கு முன்பே, குழியின் முக்கியத்துவத்தைத் தமிழ்நாட்டு மருத்துவ ஆய்வு சுட்டியிருந்தது. தீராத வயிற்றுப்போக்கும் சத்துக் குறைபாடும் தந்து தென்னிந்தியக் கிராமங்களை வாட்டிய வெப்பமண்டல ஸ்ப்ரூ நோயாளிகளின் குடற்சவ்வை, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மின்னி மாத்தன், வி. ஐ. மாத்தன், செல்வின் பேக்கர் ஆகியோர் மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்து 1975இல் முடிவுகளை வெளியிட்டனர். உறிஞ்சிகளில் மட்டுமன்றிக் குழிச் செல்களிலும் சிதைவைக் கண்ட அவர்கள், நோயின் வேர் குருத்தணுக்களிலேயே இருக்கக்கூடும் என்ற கருத்தை முன்வைத்தனர். இந்திய அறிவியல் வரலாற்றில் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டிய பணி இது.

பெருங்குடலிலும் உள்ள இத்தகைய குழிகளின் ஆழத்துக்கு வேறொரு பயனும் உண்டு. திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில் விற்கும் நேந்திரங்காயின் மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காமல் பெருங்குடலை அடைய, அங்குள்ள நுண்ணுயிரிகள் அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்னும் அமிலத்தை உண்டாக்குகின்றன. முதிர்ந்த மேற்பரப்புச் செல்களுக்கு இது நல்ல எரிபொருள். குருத்தணுக்களுக்கோ பிரிவதைத் தடுக்கும் பொருள். மேலேயுள்ள செல்கள் இதை எரித்துத் தீர்த்துவிடுவதால் குழியின் அடிக்கு மிகக் குறைவாகவே போய்ச் சேருகிறது என்று எலிகளில் நடந்த ஆய்வொன்று 2016இல் விளக்கியது. இயல்பிலேயே குடற்குழிகள் இல்லாத வரிக்குதிரை மீன்களுக்கு அதே அமிலத்தைக் கொடுத்தபோது, அவற்றின் குடற்செல் பெருக்கம் குன்றியது.