முகத்தில் விழும் பாலேடும் ஏட்டில் ஏறும் கணக்கும்



வீட்டுச் செலவுக்குக் கணக்கெழுதுகிறோம். திருமணச் செலவுக்கும் திருவிழாச் செலவுக்கும் கணக்கெழுதுகிறோம். ஆனால் சிரிப்புக்கு யாரேனும் கணக்கெழுதியதுண்டா? எழுதத்தான் வேண்டும் என்பதை நான் அயல்நாட்டுப் பங்கு ஒன்றில், முகமெல்லாம் பாலேடு வழிய நாற்காலியில் அமர்ந்திருந்த ஒரு நாளில் கற்றுக்கொண்டேன். அந்தப் பாடத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எறிவதற்கென ஒரு பண்டம்

‘பை’ என்றதும் கடைக்குக் கொண்டுசெல்லும் துணிப்பையை எண்ணிவிட வேண்டாம். மேலைநாட்டு அடுக்களைகளில் பிசைந்த மாவைத் தட்டில் பரப்பிச் சுட்டு, அதனுள் பழக்கூழையோ, முட்டையும் பாலும் சேர்த்துக் காய்ச்சிய கஸ்டர்டையோ, நுரைக்க அடித்த பாலேட்டையோ நிரப்பிச் செய்யும் இனிப்புப் பண்டத்துக்கு அங்கே ‘பை’ என்று பெயர். உண்பதற்கென்று பிறந்த இப்பண்டத்தை ஒருவர் முகத்தில் அப்பிச் சிரிப்பது அந்நாடுகளில் பழகிப்போன வேடிக்கை.

இவ்வேடிக்கையை உலகெங்கும் பரப்பியவை ஊமைப்படங்களே. சார்லி சாப்ளின் 1916-ஆம் ஆண்டில் எடுத்த ஒரு படத்தில் பை எறியும் சண்டை உண்டு. 1927-இல் லாரலும் ஹார்டியும் நடித்த ‘தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி’ படத்துக்கு 3,000 பைகள் வாங்கப்பட்டதாகச் சொல்வார்கள். வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்த ஒரு பைக்காரரிடம் தொடங்கும் சச்சரவு, வழியே போகிறவர் ஒவ்வொருவரையும் இழுத்துக்கொண்டு தெரு முழுவதும் பரவிவிடும்.

திரையோடு இது நின்றுவிடவில்லை. 1967-இல் இங்கிலாந்தின் கென்ட் வட்டாரத்திலுள்ள காக்ஸ்ஹீத் என்னும் சிற்றூரார், தங்கள் ஊர்ப் பொது மண்டபத்துக்கு நிதி திரட்டும் பொருட்டு இதையே ஒரு போட்டியாக நடத்தத் தொடங்கினர். இடக்கையால்தான் எறிய வேண்டும். முகத்தில் பட்டால் 6 புள்ளி. தோளுக்கு மேல் பட்டால் 3. உடலின் வேறெங்கு பட்டாலும் 1. அமெரிக்கப் பள்ளிகளிலோ, கணிதத்தின் 3.14 என்னும் ‘பை’ எண்ணை நினைவுகூரும் மார்ச் 14-ஆம் நாளன்று, மாணவர்கள் பணம் கட்டி ஆசிரியர் முகத்தில் பை எறிந்து பள்ளிக்கு நிதி சேர்ப்பதைக் காணலாம். பங்குத் திருவிழாக்களில் இந்தப் பேறு பெரும்பாலும் பங்குத்தந்தைக்கே வாய்க்கும்!

அறுபது பைகளின் கணக்கு

2013-ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு சிற்றூர்ப் பங்கில் மூன்று திங்கள் பணியாற்றினேன். பசுக்களும் பாலும் நிறைந்த மாநிலம் அது. கோடை விழாவுக்கான குழு கூடியபோது, “ஃபாதர், பை எறியும் நிகழ்ச்சியில் நீங்கள் அமர்வீர்களா?” என்று கேட்டார்கள். மறுத்தால் மனம் வருந்துவார்களே என்று உடனே இசைந்துவிட்டேன். அதற்குப் பின்னரே, குழுவின் கணக்கரான இளந்தாய் ஒருவர் சென்ற ஆண்டின் குறிப்பேட்டைத் திறந்தார்.

சென்ற ஆண்டு 60 பைகளை வீட்டிலேயே செய்திருந்தார்கள். ஒரு பைக்குப் பாலேடு 1 டாலர் 50 சென்ட். அடிமாவும் வெண்ணெயும் 60 சென்ட். அலுமினியத் தட்டு 25 சென்ட். சர்க்கரை 5 சென்ட். ஆக 2 டாலர் 40 சென்ட். எறிவதற்கு வாங்கிய கட்டணமோ 2 டாலர். அதாவது, ஒவ்வொரு பை எறியப்பட்டபோதும் 40 சென்ட் இழப்பு. கூட்டம் பெருகப் பெருக இழப்பும் பெருகியது. நிகழ்ச்சி பெருவெற்றி என்று எல்லாரும் கைதட்டினார்கள்!

அத்தோடு முடியவில்லை. தரைவிரிப்புத் தாள், சோப்பு, துண்டுகள் ஆகியவற்றுக்கு 31 டாலர். அன்று மழை பெய்தமையால் நிகழ்ச்சியை மண்டபத்துக்குள் நடத்தினார்கள். கம்பளத்தில் ஊறிய பாலேட்டை அகற்ற 85 டாலர். ஆக மொத்தச் செலவு 260 டாலர், வரவு 120, இழப்பு 140. இவ்விழப்பை ஈடுசெய்ததோ பங்கின் பொதுப்பணம்.

பையின் விலையை எல்லாரும் எண்ணிப் பார்க்கிறார்கள். பை விழுந்த பிறகு கழுவுவதற்கு ஆகும் விலையை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பெரும் படக்குழுவினரும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1965-இல் வெளிவந்த ‘தி கிரேட் ரேஸ்’ படத்துக்காக ஏறத்தாழ 4,000 பைகளைக் கொண்டு ஐந்து நாள்கள் சண்டைக் காட்சி எடுத்தார்கள். இடையில் வார விடுமுறை வந்தது. திரும்பி வந்து பார்த்தால், சிதறிக் கிடந்த பாலேடெல்லாம் புளித்து அரங்கமே நாற்றமெடுத்திருந்தது. அனைத்தையும் கழுவித் துடைத்த பின்னரே வேலையைத் தொடர முடிந்தது.

மூதாட்டியின் கேள்வி

கட்டணத்தை உயர்த்தலாமா, பையைச் சிறிதாக்கலாமா என்று குழுவினர் பேசிக்கொண்டிருந்தபோது, ஓரத்தில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் எழுந்தார். அவருக்கு அப்போது வயது 86. பால் பண்ணையில் பிறந்து வளர்ந்தவர்.

“எனக்கு ஆறு வயதாயிருந்தபோது எங்கள் சாலையில் பால் ஆறாக ஓடியதைப் பார்த்தேன். அன்று அப்பா அழுதார். அதற்குப் பின் ஒரு சொட்டுப் பாலையும் நான் கொட்டியதில்லை. ஃபாதர், உங்கள் ஊரில் பாலை எறிந்து சிரிப்பார்களா?” என்று கேட்டார்.

1933-ஆம் ஆண்டில் பால் விலை அடிமட்டத்துக்கு வீழ்ந்தபோது, விஸ்கான்சின் பண்ணையாளர்கள் பாலைச் சந்தைக்கு அனுப்ப மறுத்துப் போராடினார்கள். வண்டிகள் மறிக்கப்பட்டன, பால் சாலைகளில் கொட்டப்பட்டது. வரலாற்று நூல்களில் சில வரிகளில் அடங்கிவிடும் அந்நிகழ்ச்சி, அம்மூதாட்டிக்குத் தந்தையின் கண்ணீராய் நின்றது.

எனக்கு மறுமொழி வரவில்லை. சோற்றுப் பருக்கை சிந்தினால் எடுத்துத் தட்டில் இடச்சொல்லி வளர்த்த தாயின் மகன் நான். ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்த பின்னும் எஞ்சிய துண்டுகளைச் சேர்த்துவைக்கச் சொன்ன ஆண்டவரைப் பற்றி மறையுரை ஆற்றுகிறவன். யோசியாமல் இசைந்துவிட்டேனே என்று நாணினேன்.

மூதாட்டி கணக்கிலும் வல்லவர். ஒரு லிட்டர் கெட்டிப் பாலேட்டுக்கு ஏறத்தாழப் பத்து லிட்டர் பால் வேண்டும் என்றார். 60 பைகளுக்குச் செலவான பாலேடு 14 லிட்டர். அப்படியானால் 140 லிட்டர் பால். மண்டபத்தின் அடுத்த அறையிலேதான், ஏழைக் குடும்பங்களுக்குப் பாலும் ரொட்டியும் வழங்கும் பங்கின் உணவு உதவி அறை இருந்தது.

கணக்கர் கண்ட வழி

மலிவான மாற்றுகளும் ஆராயப்பட்டன. சவரத்துக்குரிய நுரைக் கிரீம் விலை குறைவு, நெடுநேரம் கரையாது, புளிக்காது. ஆனால் கண்ணில் பட்டால் எரியும். வாய்க்குள் போகக் கூடாது. மைதாவையும் நீரையும் காய்ச்சிய கூழ் அனைத்திலும் மலிவு. ஆனால் காய்ந்தால் தலைமயிரில் பசையாய் ஒட்டிக்கொள்ளும். அதுவும் உணவுப் பொருளே.

அப்போதுதான் கணக்கர் வேறொரு வழியைச் சொன்னார். “எறிவதற்குக் கட்டணம் வாங்குவதால்தானே பைகள் பெருகுகின்றன? யார் முகத்தில் விழவேண்டும் என்று தேர்ந்தெடுப்பதற்குப் பணம் வாங்குவோம்.”

அவ்வாறே செய்யப்பட்டது. இசைந்த ஆறு பேருடைய பெயர்கள் ஒட்டிய ஆறு கண்ணாடிச் சாடிகள், மூன்று ஞாயிறுகள் ஆலய முகப்பில் வைக்கப்பட்டன. எவருடைய சாடியில் பணம் மிகுதியோ, அவருள் முதல் மூவர் ஆளுக்கொரு பை பெறுவர். மூன்றே பைகள்! சிறுவர்கள் என் சாடியில் நாணயங்களைப் போட்டுவிட்டு என்னை நோக்கிச் சிரித்தவாறு ஓடுவார்கள். பை செய்யப்படுவதற்கு மூன்று வாரம் முன்பே சிரிப்புத் தொடங்கிவிட்டது. அதற்கு ஒரு சென்டும் செலவில்லை.

மூதாட்டி சற்று நேரம் எண்ணிப் பார்த்தார். “அறுபது என்றால் வீண். மூன்று என்றால் விழா. அந்த மூன்றையும் நானே செய்கிறேன்” என்றார்.

சுட்ட மாவு மூக்கில் பட்டால் வலிக்கும். ஆகவே அடிமாவே இல்லை. அலுமினியத்துக்கு மாற்றாகக் காகிதத் தட்டு. ஒரு பைக்குப் பாலேடு 1 டாலர் 50 சென்ட். சர்க்கரை 5 சென்ட். தட்டு 5 சென்ட். மூன்று பைகளுக்கு 4 டாலர் 80 சென்ட். தரைவிரிப்புத் தாள் 9 டாலர். கண்காப்புக் கண்ணாடிகள் 6 டாலர். துண்டுகள் வீட்டிலிருந்து வந்தன. ஆகச் செலவு 19 டாலர் 80 சென்ட்.

சாடிகளில் சேர்ந்த தொகை 486 டாலர். செலவு நீங்க நின்றது 466 டாலர் 20 சென்ட். அத்தொகை முழுவதும் உணவு உதவி அறையின் பால் செலவுக்கு அளிக்கப்பட்டது. அன்றைய விலையில் அஃது ஏறக்குறைய 490 லிட்டர் பாலுக்கு ஈடு. எறியப்பட்ட பாலேடோ முக்கால் லிட்டருக்கும் குறைவு.

முதலிடம் எனக்கே என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? சீட்டெடுத்துத் தேர்ந்த ஒரு சிறுமி, இரு கைகளாலும் தட்டைப் பிடித்து மெல்ல வந்து, “மன்னியுங்கள், ஃபாதர்” என்று சொல்லிவிட்டு என் முகத்தில் அப்பினாள். இனிப்பும் குளிர்ச்சியும் முகமெங்கும் பரவின. கண்ணைத் துடைத்துப் பார்த்தபோது மூதாட்டியும் சிரித்துக்கொண்டிருந்தார்.

நடத்த விரும்புவோர்க்குச் சில குறிப்புகள்

அயல்நாடுகளில் வாழும் நம் பிள்ளைகள் தங்கள் பள்ளியிலோ பங்கிலோ இத்தகைய நிகழ்ச்சியை நடத்த நேரிடலாம். அவர்களுக்காக நான் கற்றவற்றைத் தொகுத்துத் தருகிறேன்.

1. முகம் தருகிறவர் மனமார இசைந்தவராய் இருத்தல் வேண்டும். வற்புறுத்திப் பெற்ற இசைவு இசைவன்று. இசையாத ஒருவரை அப்பிச் சிரிப்பது வேடிக்கையன்று, அவமதிப்பு.

2. பாலோ முட்டையோ ஒவ்வாதவரா என்று முன்னரே கேட்டறிக. கண்காப்புக் கண்ணாடி அணிவிக்க மறவாதீர்.

3. பாலேட்டை அடிக்கும்வரை பனிக்கட்டியில் வைத்திருங்கள். குளிர்ந்த பாலேடு அடித்தால் இருமடங்காய்ப் பொங்கும். அரைத் தட்டு நிரப்பினாலே போதும். வெயிலில் வைத்தால் உருகிப் பணமும் வீணாகும்.

4. திறந்தவெளியில், புல்தரையில், குழாய்நீருக்கு அருகில் நடத்துங்கள். முடிந்தவுடனே கழுவுங்கள், மறுநாளைக்கு விடாதீர்.

5. கழுவும் செலவைக் கணக்கின் முதல் வரியிலேயே எழுதுங்கள். கழுவப்போவது யார் என்பதையும் பெயர் குறித்து எழுதுங்கள். விழா முடிந்ததும் எல்லாரும் சென்றுவிட, தனியே நின்று தரை துடைக்கும் ஒரு தாயின் உழைப்பும் செலவே.

மகிழ்ச்சி வேண்டும், ஆனால் அந்த மகிழ்ச்சியின் விலையை வேறொருவர் கட்டும்படி விட்டுவிடலாகாது. நம் இல்லங்களில் பிறந்தநாளோ, புதுநன்மையோ, திருமணமோ எதுவாயினும், கொண்டாட்டத்துக்கு முன் குடும்பமாக அமர்ந்து ஒரு தாளை எடுத்து, “இதில் எது விழா? எது வீண்?” என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோமா? அவ்வாறு கேட்டுப் பார்த்த அந்தச் சிற்றூரில், சிரிப்பு சற்றும் குறையவில்லை. பால் கேட்டு வந்த குழந்தைகளுக்குப் பாலும் கிடைத்தது.