உயரத்தால் அளக்க வேண்டிய நாடு

கொலம்பியாவின் தலைநகர் போகோட்டாவிலிருந்து இரண்டாவது பெரிய நகரமான மெதெயினுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. பேருந்தில் ஏறினால் 420 கிலோமீட்டரைத் தாண்ட ஒன்பது பத்து மணி நேரம் பிடிக்கும். சாலையைக் குறை சொல்லிப் பயனில்லை. 2,600 மீட்டர் உயரத்திலிருந்து மக்தலேனா ஆற்றின் புழுக்கத்துக்கு இறங்கி, மறுகரையில் மறுபடியும் 2,000 மீட்டருக்கு மேல் ஏறி, அப்புறம்தான் மெதெயின் பள்ளத்தாக்குக்கு இறங்க முடியும். விமானத்தில் போகிறவருக்குக் குளிர்ந்த ஊர் ஒன்றும் இதமான ஊர் ஒன்றும் கிடைக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் இருப்பது மேகத்துக்குக் கீழே போய்விடுகிறது. சுற்றுலாக் கையேடுகளும் அந்த நாட்டை இப்படித்தான் விற்கின்றன: கடற்கரைக்கு இரண்டு நாள், காப்பித் தோட்டத்துக்கு இரண்டு நாள், பனிமலைக்கு ஒரு நாள். தனித்தனி அறைகள் மாதிரி. உண்மையில் அவை ஒரே வீட்டின் மாடிகள். படிக்கட்டைப் பார்க்காதவருக்கு வீடு புரியாது. அந்தப் படிக்கட்டில் ஏறச் சைக்கிளைவிடப் பொருத்தமான வாகனம் இல்லை என்பது என் கட்சி.

நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடு என்பதால் அங்கே கோடை, குளிர்காலம் என்று ஆண்டைப் பிரிக்க முடியாது. ஆண்டிஸ் மலை தெற்கிலிருந்து நுழைந்ததும் மூன்று தொடர்களாகக் கிளைக்கிறது; நடுவே மக்தலேனாவும் கவ்காவும் வடக்கு நோக்கி ஓடுகின்றன. ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பம் ஆறு டிகிரி அளவுக்குக் குறையும். எனவே காலம் மாறவேண்டும் என்று ஆசைப்பட்டால் காத்திருக்கக் கூடாது, ஏறவோ இறங்கவோ வேண்டும். பள்ளிப் பாடத்திலேயே இதற்கு ‘வெப்ப மாடிகள்’ என்று பெயர். ஆயிரம் மீட்டர் வரை சூட்டு நிலம், இரண்டாயிரம் வரை மித நிலம், மூவாயிரம் வரை குளிர் நிலம், அதற்கும் மேலே பாரமோ. (தமிழ்க் காதுக்கு இது ஏற்றத்தில் மூச்சு வாங்கும் சைக்கிள்காரரின் முனகல் மாதிரியே கேட்கிறது.) ஊர்ப் பெயரைச் சொல்லாமல், “சூட்டு நிலத்துக்குப் போய்வருகிறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வார இறுதியில் கிளம்புகிறவர்கள் போகோட்டாவில் உண்டு. உலகில் எந்த நாட்டையும்விட அதிகப் பறவை இனங்கள் கொலம்பியாவில் இருப்பதற்கும் இந்த அடுக்குகள் ஒரு முக்கியக் காரணம்.

இந்த மலைகளைத் தரைவழியே வெல்வது எவ்வளவு சிரமம் என்பதற்கு ஒரு சான்று போதும். 1919-லேயே பர்ரான்கீயாவில் ஒரு விமான நிறுவனம் தொடங்கிவிட்டார்கள். இன்றைய அவியான்காவின் மூதாதை அது. ஒழுங்கான சாலைகள் வருமுன்பே நாட்டின் பல பகுதிகளுக்கு விமானம் வந்துவிட்டது. கோவேறு கழுதையின் முதுகிலிருந்து நேரே விமானத்துக்குத் தாவிய தேசம் என்று சொன்னால் அதிகம் மிகையில்லை.

படிக்கட்டு எப்படி இருக்கும் என்று காட்ட ஒரே சாலை போதும். தொலீமா மாகாணத்தில் மரிகீத்தா என்ற ஊர் கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே 80 கிலோமீட்டர் தொலைவில் லெத்ராஸ் கணவாய், 3,600 மீட்டருக்கும் மேலே. சைக்கிள் உலகில் மிக நீண்ட தார்ச்சாலை ஏற்றங்களில் ஒன்றாக இதைச் சொல்வார்கள். அடிவாரத்தில் மங்குஸ்தான் விற்கும் புழுக்கமான ஊர். ஆயிரம் மீட்டர் ஏறி ஃபிரெஸ்னோவை அடைந்தால் சரிவெல்லாம் காப்பிச் செடியும் வாழையும். இன்னும் ஏறினால் காப்பி நின்றுபோகும். புல்வெளியும் கறவை மாடுகளும், பிறகு உருளைக்கிழங்கு வயல். உச்சியை நெருங்கும்போது மரங்கள் குட்டையாகி, ஃபிரைலெஹோன் என்ற செடி தென்படும். கம்பளி போர்த்தியது போன்ற அதன் இலைகள் மூடுபனியைப் பிடித்து மண்ணுக்குள் இறக்குகின்றன. ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும் என்பார்கள். உலகத்துப் பாரமோ நிலத்தில் பாதிக்கு மேல் கொலம்பியாவில்தான். போகோட்டாவின் குடிநீரில் பெரும்பகுதி சின்காஸா பாரமோவிலிருந்து வருகிறது. 2024-ல் அங்கே நீர்த்தேக்கங்கள் வற்றியதும் தலைநகரில் முறைவைத்துத் தண்ணீர் விட்டார்கள். கீழே குழாய் திறக்கிறவரையும் மேலே பனியைப் பிடிக்கும் இலையையும் சேர்த்து நினைக்க, அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள ஏற்றத்தை ஒருமுறையாவது உடம்பால் உணர்ந்திருக்க வேண்டும்.

இதே சாலையின் ஓரத்தில் இரண்டு பழங்கதைகள் இருக்கின்றன. மனிசாலெஸ் நகரத்துக் காப்பி மூட்டைகளை மரிகீத்தாவுக்குக் கொண்டுவர 1922-ல் கம்பிவழி தொட்டில்கள் ஓடத் தொடங்கின. எழுபது கிலோமீட்டருக்கு மேல் நீளம். அன்றைக்கு உலகிலேயே அதுதான் நீளமானது. மேல்மாடிக் காப்பி கீழ்மாடி வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும் என்பதால் வந்த ஏற்பாடு அது. இன்னொரு கதை கொடியது. 1985 நவம்பர் 13 இரவு லெத்ராஸுக்குத் தெற்கேயுள்ள நெவாதோ தெல் ருயிஸ் எரிமலை வெடித்தது. வெடிப்பு பெரிதல்ல, உச்சிப் பனியில் ஒரு பகுதிதான் உருகியது. அந்த நீர் மண்ணையும் பாறையையும் வாரிக்கொண்டு ஆற்றுப் பள்ளங்களில் பாய்ந்து, இரண்டரை மணி நேரத்தில் சூட்டு நிலத்து ஊரான அர்மேரோவை மூடியது. இறந்தவர்கள் 23,000 பேர் அளவில். பனியையே பார்த்திராத வெப்பமான ஊரைப் பனி கொன்றது. வரைபடத்தில் அர்மேரோவும் எரிமலையும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் இரண்டு புள்ளிகள். அவற்றுக்கு இடையே ஐயாயிரம் மீட்டர் உயரம் தொங்குவது தட்டையான தாளில் தெரிவதில்லை.

சைக்கிள் வெளிநாட்டுப் பயணியின் பொழுதுபோக்கு, அதை ஏழை நாட்டின்மேல் ஏற்றிப் பார்க்கிறோம் என்று ஒருவர் கேட்கலாம். கொலம்பியாவைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி தலைகீழானது. 1950-ல், நாடு தழுவிய பந்தயம் நடத்த இந்தச் சாலைகள் லாயக்கா என்று சந்தேகம் எழுந்தபோது, ஸிப்பாகீரா ஊர்க்காரரான எஃப்ராயின் ஃபொரேரோ சேறும் சகதியுமாகக் கிடந்த லெத்ராஸை ஏறிக் காட்டினார். மறு ஆண்டு முதலாவது ‘வுவெல்தா’ பந்தயம் நடந்தது, வென்றவரும் அவரே. ஒரு மாகாணத்துக்காரர்கள் இன்னொரு மாகாணத்தின் மலைப் பெயர்களை வானொலியில் கேட்டுக் கற்றது அந்தப் பந்தயத்தால்தான் என்றால் நம்பலாம். பிறகு தோட்டவேலை செய்துவந்த லூச்சோ எர்ரேரா 1987-ல் ஸ்பெயின் பந்தயத்தை வென்றார். 2019-ல் அதே ஸிப்பாகீராவின் ஈகான் பெர்னால் பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். மலையேறும் இந்த வீரர்களுக்கு நாட்டில் செல்லப்பெயர் ‘வண்டுகள்’. அவர்கள் பையில் இருப்பது வாழை போன்ற இலையில் பொதிந்த கொய்யாக் கட்டி. குப்பியில் வெல்லத் தண்ணீர். உலகில் வெல்லம் காய்ச்சுவதில் இந்தியாவுக்கு அடுத்த இடம் கொலம்பியாவுக்கு. ‘பனேலா’ என்று அவர்கள் சொல்வது நம் கரும்பு வெல்லமேதான். போகோட்டாவில் 1974-ல் தொடங்கிய வழக்கப்படி ஞாயிறுதோறும் காலை ஏழு முதல் பிற்பகல் இரண்டு வரை நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலைகளில் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. சைக்கிளில் வருகிறவரை ஊர்க்காரர் கேலியாகப் பார்ப்பதில்லை. எந்த ஏற்றத்தில் வந்தாய் என்று கேட்கிறார்.

பாதுகாப்பைப் பற்றிய கேள்வியை இப்படி ஒதுக்க முடியாது. 2016-ல் ஃபார்க் கிளர்ச்சிப் படையுடன் சமாதான ஒப்பந்தம் ஆனது உண்மை. கவ்கா, அரவ்கா, கத்ததூம்போ போன்ற பகுதிகளில் ஆயுதக் குழுக்கள் இன்றும் இருப்பதும் உண்மை; 2025 தொடக்கத்தில் கத்ததூம்போவில் மோதல் மூண்டு பல்லாயிரம் பேர் வீட்டைவிட்டு ஓடினார்கள். சைக்கிள்காரர் என்றால் யாரும் தொடமாட்டார்கள் என்று எழுதுகிறவர்களை நம்பக் கூடாது. அந்தப் பகுதிகளுக்குப் போகவே கூடாது, அவ்வளவுதான். மற்ற இடங்களில் மெதுவாகப் போகிறவருக்கு ஓர் அனுகூலம் உண்டு: ஒவ்வோர் ஊரிலும் கடைக்காரரிடமும் லாரி ஓட்டுநரிடமும் அடுத்த ஊரைப் பற்றி விசாரித்தபடியே நகர்கிறார். “பப்பாளி கொடுக்காதே” என்பது அந்த ஊர் வழக்கு. திருடனுக்கு வழிவிட்டுக் கொடுக்காதே என்று அர்த்தம். அன்றாட ஆபத்து என்று பார்த்தால், துப்பாக்கியைவிடக் குறுகிய வளைவில் உரசிப் போகும் பெரிய டிரெய்லர் லாரிகளுக்கே நான் அதிகம் பயப்படுவேன். 2016-ன் சட்டம் ஒன்று சைக்கிளைத் தாண்டும் வண்டி ஒன்றரை மீட்டர் விலகிப் போகவேண்டும் என்கிறது. முப்பது முறை சைக்கிளில் வேலைக்கு வந்த அரசு ஊழியருக்கு அரைநாள் விடுப்பும் அதே சட்டத்தில் உண்டு. மலைச்சாலை வளைவில் இந்தச் சட்டத்தைப் படித்துக்காட்ட நேரமிருக்காது.

மெதுவாகப் பயணிக்க நேரமும் பணமும் வேண்டும், அது வசதியுள்ளவர் விளையாட்டு என்ற வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. கடல் தாண்டி விமானத்தில் வந்துவிட்டுச் சைக்கிளில் ஏறியதும் சுற்றுச்சூழலைக் காப்பாற்றுவதாகப் பேசுவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அந்த வாதத்தை நான் வைக்கவில்லை. ஆனால் மூன்று வாரம் கிடைத்தவர் ஐந்து நகரங்களுக்கு விமானச்சீட்டு வாங்குவதா, ஒரே மலைத்தொடரை இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்குவதா என்று கேட்டால், இரண்டாவதற்கே செலவு குறைவு. அந்தப் பணமும் ஃபிரெஸ்னோ போன்ற ஊர்களின் விடுதிக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் போய்ச் சேரும். கால் வலுவில்லாதவர் ஏற்றத்தைப் பேருந்தில் கடந்து இறக்கத்தைச் சைக்கிளில் ஓட்டட்டும், ஒன்றும் குறைந்துவிடாது. என் வாதத்துக்கு உண்மையான எல்லை வேறிடத்தில் இருக்கிறது. நாட்டின் பாதிக்கு மேற்பட்ட நிலம் கிழக்கே அமேசான் காடும் ஒரினோகோ சமவெளியும்தான். அமேசான் கரையிலுள்ள லெத்தீசியாவுக்கு நாட்டின் மற்ற பகுதிகளிலிருந்து சாலையே இல்லை. அங்கே படகுதான் மெதுவான வாகனம். சைக்கிளை வைத்து அந்தப் பாதியைப் பற்றிப் பேச எனக்கு உரிமையில்லை.

லெத்ராஸ் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருப்பது கால்தாஸ் மாகாணம். பொப்பயானில் பிறந்த பிரான்சிஸ்கோ ஹோஸே தே கால்தாஸின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். 1801 வாக்கில், உடைந்த வெப்பமானியைச் சரிசெய்யப் போன இடத்தில், தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்பதை வைத்தே மலையின் உயரத்தைச் சொல்லிவிடலாம் என்று அவர் தானாகக் கண்டுபிடித்தார். விடுதலைப் போரில் சேர்ந்ததற்காக 1816-ல் ஸ்பானியப் படை அவரைச் சுட்டுக் கொன்றது. கணவாய் உச்சியில் சில வீடுகளும் சில கடைகளும் இருக்கின்றன. குளிரில் விறைத்து வருகிறவர்களுக்கு அங்கே வெல்லத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, பக்கத்தில் ஒரு துண்டுப் பாலாடைக்கட்டி வைத்துக் கொடுப்பார்கள். பாத்திரத்தில் குமிழி வரும்போது உள்ளே இருப்பது 88 டிகிரிக்குப் பக்கத்தில். ஆனாலும் உடனே குடிக்கக் கூடாது, நாக்குச் சுடும்.