இசைத்தட்டு என்னும் சாட்சி: அமெரிக்க கன்ட்ரி, புளூகிராஸ் இசை வரலாறும் அதன் ஆவணங்களும்

வாய்மொழியாக வாழ்ந்து வந்த ஒரு மரபு நிலையான பதிவாக மாறும்போது அதற்கு என்ன நேரிடுகிறது என்னும் வினா இறையியல் பயில்வோர்க்குப் புதியதன்று. நற்செய்தி மரபுகளை ஆராயும்போது இவ்வினாவை நாம் அடிக்கடி சந்திக்கிறோம். ஆனால் அங்கே அம்மாற்றம் நிகழ்ந்த நாளையோ இடத்தையோ நாம் நேராகச் சுட்டிக் காட்ட இயலாது. நாளும் இடமும் தெளிவாகத் தெரிந்த நிலையில் இதே மாற்றம் இருபதாம் நூற்றாண்டில் ஒரு மக்களின் இசையில் நிகழ்ந்துள்ளது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் தோன்றிய கன்ட்ரி இசையும், அதன் கிளையாகிய புளூகிராஸ் இசையுமே அவை. இவற்றின் ஒலிப்பதிவு வரலாறு எவ்வாறு தொகுக்கப்பட்டது, அத்தொகுப்பு எதைக் காத்தது, எதைக் காக்கத் தவறியது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

1. மலைநாட்டு இசை இசைத்தட்டான வரலாறு

கன்ட்ரி இசைக்கு வேர் ஒன்றன்று. பிரித்தானியத் தீவுகளிலிருந்து குடியேறியோர் கொணர்ந்த கதைப்பாடல்களும் பிடில் இசையும் ஒரு வேர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் தந்த பாஞ்சோவும், அவர்தம் வழித்தோன்றல்களின் புளூஸ் பாடல்களும் மற்றொரு வேர். எழுப்புதல் கூட்டங்களிலும் பாடற் பள்ளிகளிலும் கிராமச் சபைகளிலும் பாடப்பட்ட ஞானப்பாடல்கள் மூன்றாவது வேர். இம்மூன்றும் தலைமுறை தலைமுறையாகச் செவிவழியே பரவி ஒன்றோடொன்று கலந்தன.

1922ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் எக் ராபர்ட்சன், ஹென்றி கில்லிலேண்ட் என்னும் இரு பிடில் கலைஞர்கள் நியூயார்க்கில் விக்டர் நிறுவனத்திற்காக வாசித்தனர். மறு ஆண்டு ஜூன் மாதம் அட்லாண்டா நகரில் ஓக்கே நிறுவனம் பிடில் ஜான் கார்சனின் பாடலைப் பதிவுசெய்தது. அப்பதிவை நடத்திய ரால்ஃப் பீர் அதனை உயர்வாக மதிக்கவில்லை. எனினும் தட்டுகள் விரைவில் விற்றுத் தீர்ந்தன. நாட்டுப்புறத்தாரும் இசைத்தட்டு வாங்குவோரே என்பதை நிறுவனங்கள் அன்றுதான் உணர்ந்தன. ஆகவே இவ்விசையைப் பதிவுசெய்யத் தூண்டியது அதைக் காக்கும் எண்ணமன்று, வணிகமே என்பதை நாம் தொடக்கத்திலேயே மனத்திற் கொள்ளவேண்டும்.

2. பிரிஸ்டல் நகரில் நிகழ்ந்தது

1925ஆம் ஆண்டில் மின்சார ஒலிப்பதிவு முறை வந்தது. ஒலிவாங்கியின் துணையால் மெல்லிய குரலும் தெளிவாகப் பதிவாயிற்று. 1927இல் விக்டர் நிறுவனத்தின் சார்பில் ரால்ஃப் பீர் டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லையில் அமைந்த பிரிஸ்டல் நகருக்குச் சென்று, தொப்பி நிறுவனமொன்று இருந்த கட்டடத்தில் பதிவுக்கூடம் அமைத்தார். ஜூலை 25 முதல் ஆகஸ்டு 5 வரை 19 குழுக்கள் 76 பதிவுகளை அளித்தன. வர்ஜீனியாவைச் சேர்ந்த கார்ட்டர் குடும்பத்தாரும், மிசிசிப்பியைச் சேர்ந்த ஜிம்மி ராட்ஜர்சும் முதன்முதல் பதிவுசெய்யப்பட்டது இங்கேதான்.

பின்னாளில் புகழ்பெற்ற இவ்விரு பெயர்களாலேயே பிரிஸ்டல் நினைவுகூரப்படுகிறது. ஆனால் பதிவேட்டை முழுமையாகக் காண்போர்க்கு வேறொரு காட்சி தெரிகிறது. அங்குப் பதிவானவற்றில் பெரும் பங்கு ஞானப்பாடல்களே. கென்டக்கியிலிருந்து எர்னஸ்ட் ஃபிப்ஸ் தம் ஹோலினெஸ் சபைப் பாடகரோடு வந்தார். ஆல்ஃபிரட் கார்ன்ஸ் என்னும் பிரசங்கியார் தாமே இசைக்கருவி மீட்டிப் பாடினார். இறுதி நாளன்று ஒரு சிற்றூர்ச் சபையின் பாடகர் குழு வந்து பாடிச் சென்றது. கன்ட்ரி இசையைத் தொடக்கத்திலேயே சபைப் பாடலினின்று பிரித்துக் காண்பது தவறு என்பதற்கு இப்பதிவேடே போதிய சான்றாகும்.

3. ஆய்வாளர் கையாளும் சான்றுகள்

இவ்வரலாற்றை ஆவணப்படுத்துவோர்க்கு இன்றியமையாத கருவி இசைத்தட்டு விவரப்பட்டியல் ஆகும். ஒவ்வொரு பதிவுக்கும் பாடியவர், உடன் இசைத்தவர், இடம், நாள், பாடற்பெயர், வெளியீட்டு எண் ஆகியவற்றை அது வரிசைப்படுத்தித் தருகிறது. இவற்றுக்கெல்லாம் அடிப்படை மூலத்தகட்டு எண். பாடல் முதலில் மெழுகுத் தகட்டில் பதிவாயிற்று. அதிலிருந்து உலோக அச்சு எடுக்கப்பட்டு, அவ்வச்சிலிருந்து விற்பனைத் தட்டுகள் வார்க்கப்பட்டன. மெழுகுத் தகட்டிற்கு இட்ட எண் பெரும்பாலும் விற்பனைத் தட்டிலும் பொறிக்கப்பட்டது. ஒரே பாடலை இருமுறை பாடினால் அவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டும் குறியும் உண்டு.

தட்டின் மேலுள்ள காகிதச் சீட்டை மட்டும் நம்புதல் ஆகாது. வெர்னன் டால்ஹார்ட் என்னும் பாடகர் பல நிறுவனங்களுக்குப் பற்பல புனைபெயர்களில் பாடினார். சீட்டை நம்புவோர் ஒருவரைப் பலராகக் கணக்கிடுவர். மூலத்தகட்டு எண்ணையும் குரலையும் நிறுவனப் பேரேட்டையும் ஒப்பிடுவோரே உண்மையை அறிவர். பேரேட்டிலும் எழுத்தர் செய்த பிழைகள் உள. ஆதலால் தட்டு, பேரேடு, கலைஞரின் நேர்காணல் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று உரசிப் பார்ப்பதே நெறியாகும்.

பதிவான நாளும் வெளியான நாளும் வேறாயிருப்பதையும் கவனிக்கவேண்டும். இதற்குப் புளூகிராஸ் இசையின் தொடக்கத்திலேயே சிறந்த எடுத்துக்காட்டு உள்ளது. கென்டக்கியில் 1911இல் பிறந்த மாண்டலின் கலைஞர் பில் மன்றோ, தம் இசைக்குழுவுக்கு ‘புளூ கிராஸ் பாய்ஸ்’ எனப் பெயரிட்டார். அப்பெயரே பின்னர் இசை வகைக்கும் ஆகியது. 1945ஆம் ஆண்டின் இறுதியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரல்களால் பாஞ்சோ மீட்டும் முறையோடு அக்குழுவிற் சேர்ந்தபின் அதன் இசை புதுவடிவம் பெற்றது. குதிரைப் பந்தயத்தைப் பற்றிய ‘மாலி அண்ட் டென்ப்ரூக்ஸ்’ என்னும் பாடலை மன்றோ 1947இல் பதிவுசெய்தார். ஆனால் 1949இல்தான் அது வெளியாயிற்று. இதற்கிடையே ஸ்டான்லி சகோதரர்கள் மன்றோவின் மேடை, வானொலி நிகழ்ச்சிகள் வழியாக அறிந்திருந்த அப்பாடலை அதே பாணியிற் பாடி 1948இல் வெளியிட்டுவிட்டனர். வெளியீட்டு நாளை மட்டும் காண்போர் ஆசிரியரை மாணாக்கராகவும் மாணாக்கரை ஆசிரியராகவும் கொள்வர். முந்தியது எது, பிந்தியது எது என வழக்காடும் வேதாகம ஆய்வாளர்க்கும் இது ஓர் எச்சரிக்கையே.

4. அழிவும் பாதுகாப்பும்

இசைத்தட்டு உறுதியான ஆவணம் போலத் தோன்றினும் எளிதில் அழியக்கூடியது. அக்காலத் தட்டுகளுக்கு முக்கிய மூலப்பொருள் அரக்கு. அதில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து சென்றது. இரண்டாம் உலகப் போரில் அரக்கு அரிதானபோது, பழைய தட்டுகளைத் திருப்பித் தரும்படி மக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். அவை உடைக்கப்பட்டுப் புதிய தட்டுகளுக்கு மூலப்பொருளாயின. முந்தைய தலைமுறையின் குரல்கள் பல அவ்வாறு மறைந்தன.

எஞ்சியவற்றைக் காத்தவர்கள் தொடக்கத்தில் பல்கலைக்கழகத்தார் அல்லர், தனிமனிதச் சேகரிப்பாளர்களே. அவர்களுள் ஜான் எட்வர்ட்ஸ் குறிப்பிடத்தக்கவர். ஆஸ்திரேலியரான அவர் அமெரிக்க மண்ணை மிதித்ததே இல்லை. ஆயினும் கடிதங்கள் வாயிலாகப் பழைய கலைஞர்களைத் தேடி, அவர்தம் வரலாற்றைக் கேட்டறிந்து, தட்டுகளைத் திரட்டினார். 1960இல் தம் 28ஆம் வயதில் வாகன விபத்தில் உயிர்துறந்தார். அவரது சேகரிப்பு அவர் விரும்பியபடியே அமெரிக்காவில் ஆய்வுக்குப் பயன்படுமாறு அனுப்பப்பட்டது. அதனை அடிப்படையாகக் கொண்டு 1962இல் அவர் பெயரால் ஓர் அறநிறுவனம் உருவாகி லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இயங்கியது. 1983இல் அச்சேகரிப்பு சேப்பல் ஹில்லிலுள்ள வடகரோலினாப் பல்கலைக்கழகத்திற்கு மாற்றப்பட்டது. இத்தகைய உழைப்பின்மீதே பில் மலோன் 1968இல் வெளியிட்ட கன்ட்ரி இசை வரலாறு, நீல் ரோசன்பர்க் 1985இல் வெளியிட்ட புளூகிராஸ் வரலாறு, டோனி ரசல் 2004இல் வெளியிட்ட பெருந்தொகுப்பான விவரப்பட்டியல் ஆகியவை எழுந்தன.

5. பேரேட்டில் இடம்பெறாதவர்கள்

இனி, நாம் மிகவும் கருதவேண்டிய செய்திக்கு வருவோம். நிறுவனங்கள் தம் தட்டுகளை நிறவேற்றுமைப்படி பிரித்து விற்றன. கொலம்பியா நிறுவனம் 14000 என்னும் எண்வரிசையைக் கறுப்பினத்தாரின் இசைக்கும், 15000 என்னும் எண்வரிசையைத் தென்பகுதி வெள்ளையரின் இசைக்கும் ஒதுக்கியது. வாழ்க்கையிலோ இசை இவ்வாறு பிரிந்து நிற்கவில்லை. 1927இல் சார்லட் நகரில், கறுப்பினத்தவரான ஆண்ட்ரூ பாக்ஸ்டர் வெள்ளையர் குழுவொன்றோடு சேர்ந்து பிடில் வாசித்த பதிவு ஒன்று உண்டு. ஆயினும் வணிகர் வகுத்த எண்வரிசையே பின்வந்த ஆய்வாளரின் பட்டியல்களையும் இரு வேறு நூல்களாகப் பிரித்தது. பட்டியலைத் தொகுத்தவர்களிடம் பாகுபாடு இல்லாதபோதும், அவர்களுக்குக் கிட்டிய ஆவணத்தில் பாகுபாடு ஊறியிருந்தது.

இரண்டு மனிதரை இங்கு நினைவுகூர்வோம். ஏ. பி. கார்ட்டர் மலையூர்கள்தோறும் சென்று பாடல் திரட்டியபோது உடன் சென்றவர் லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பினக் கலைஞர். விபத்தொன்றில் காலை இழந்தவர் அவர். கார்ட்டர் சொற்களை எழுதிக்கொள்ள, ரிடில் இராகத்தை நினைவில் ஏற்றிக்கொண்டு வந்து கற்பித்தார். திரட்டிய பாடல்கள் பல கார்ட்டரின் பெயரால் காப்புரிமை பெற்றன. பாடல்களின் உரிமையே ரால்ஃப் பீரின் வருவாய்க்கு வழியாயிருந்தது. தட்டின் சீட்டில் ரிடிலின் பெயர் இல்லை. 1965இல் மைக் சீகர் அவரைக் கண்டுபிடித்து அவர் பாடலையும் நினைவுகளையும் பதிவுசெய்தார். அப்பாடல்கள் 1993இல்தான் தொகுப்பாக வெளிவந்தன.

மற்றவர் ஆர்னல்டு ஷூல்ட்ஸ். கென்டக்கியில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த கறுப்பினக் கிதார் கலைஞர் அவர். இளைஞனாயிருந்த பில் மன்றோ நடன நிகழ்ச்சிகளில் அவரோடு வாசித்தார். தம் இசையிலுள்ள புளூஸ் சாயலுக்கு அவரே காரணர் என்று பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொன்னார். ஷூல்ட்ஸ் 1931இல் காலமானார். அவர் வாசித்த இசைத்தட்டு ஒன்றேனும் இல்லை. மன்றோவும் அவ்வட்டாரத்தார் பிறரும் வாய்மொழியாகச் சாட்சி கூறியிராவிடில், புளூகிராஸ் வரலாற்றில் அவர் இருந்ததே நமக்குத் தெரிந்திராது.

6. நாம் அறியவேண்டுவது

இவற்றால் பெறப்படுவது யாது? இசைத்தட்டு உண்மையான சாட்சி; ஆனால் அது முழுமையான சாட்சியன்று. யாரைப் பதிவுசெய்வது, எப்பெயரால் வெளியிடுவது, எந்த வரிசையில் விற்பது என்பவற்றை அதிகாரமும் பணமும் தீர்மானித்தன. ஆகவே ஆவணப்படுத்துவோரின் கடமை இருவகைப்படும். இருப்பதை எண்ணும் நாளும் பிழையாது குறித்தல் ஒன்று. இல்லாதது ஏன் இல்லை என விசாரித்தல் மற்றொன்று. முதலாவதைச் செய்யாதவர் கட்டுக்கதை எழுதுவர்; இரண்டாவதைச் செய்யாதவர் பழைய அநீதியை மீண்டும் படியெடுப்பர்.

சபைப் பாடலும் இவ்வாறே கைமாறி வருவது. 1907இல் ஏடா ஹேபர்ஷன் எழுதி, சார்லஸ் கேப்ரியல் இசையமைத்த ஒரு ஞானப்பாடலைக் கார்ட்டர் குடும்பத்தார் 1935இல் மாற்றிப் பாடினர். இன்று பலர் அதனை ஆசிரியர் அற்ற நாட்டுப்பாடல் என்றே எண்ணுகின்றனர். நம் பொறுப்பிலுள்ள சபைகளிலும் ஏட்டிலேறாத பாடல்களை அறிந்த முதியோர் இருக்கக்கூடும். அவற்றை எழுதிக்கொள்ளும் போதகர் பாடலோடு நிறுத்திவிடாமல், பாடியவரின் பெயரையும், அவர் அதை யாரிடம் எவ்வூரில் கற்றார் என்பதையும், எழுதிய நாளையும் சேர்த்துக் குறிப்பாராக. லெஸ்லி ரிடிலின் பெயரை அன்றே ஒருவர் ஒரு வரியில் எழுதி வைத்திருந்தால், அவரைத் தேடிக் காண முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிராது.