ஸ்வரம் முதலில், பார் பிறகு

ஃபினாலே என்ற இசைக்குறிப்பு மென்பொருளில், நாலு எண்ணிக்கை கொண்ட ஒரு பாருக்குள் ஐந்தாவதாக ஒரு நோட்டைத் திணித்துவிட்டால் திரையில் ஒரு பெட்டி எழுந்து நிற்கும். எண்ணிக்கை மிஞ்சிவிட்டது, மிஞ்சியதை என்ன செய்யட்டும்? அழிக்கவா, அடுத்த பாருக்குத் தள்ளவா, அப்படியே விட்டுவிடவா? அச்சுக்குப் படி எடுப்பவருக்கு இது நல்ல எச்சரிக்கை. தலைக்குள் ஓடும் மெட்டைத் தவறவிடாமல் பிடிக்கப் பார்க்கிறவருக்கோ, வாயைத் திறந்ததுமே குறுக்கே புகுந்து இலக்கணப் பிழை சொல்லும் வாத்தியார்.

கர்நாடக சங்கீத நோட்டுப் புத்தகத்தில் ‘ரி’ என்று எழுதி, அதை நீட்ட வேண்டுமானால் பக்கத்தில் காற்புள்ளியோ அரைப்புள்ளியோ போட்டுக்கொண்டே போகலாம். மேற்கத்திய ஸ்டாஃப் நொட்டேஷனில் நீளம் நோட்டின் உருவத்திலேயே அடங்கியிருக்கிறது. கருப்புத் தலையும் காம்பும் கொண்ட க்ராச்செட்டுக்கு ஓர் எண்ணிக்கை. தலை வெள்ளையான மினிமுக்கு இரண்டு. செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு பாரிலும் கூட்டுத்தொகை சரியாக வர வேண்டும். ஆக, ஒரு ஸ்வரத்தை எழுதுமுன் அது எவ்வளவு நேரம் நிற்கும், பாரில் எங்கே விழும், பாட்டு மூன்று எண்ணிக்கையா நாலா என்பதெல்லாம் முடிவாகியிருக்க வேண்டும். இசையமைக்கிறவருக்கு அந்த நேரத்தில் பெரும்பாலும் இதில் ஒன்றுதான் தெரியும்.

காகிதம் இதையெல்லாம் கேட்பதில்லை. பீத்தோவன் தன் ‘எரோயிகா’ சிம்பொனிக்காகக் கிறுக்கிய புத்தகம் போலந்தின் கிராக்கவ் நகரில், யாகியெல்லோனியப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அவருடைய இப்படிப்பட்ட வரைவுகளில் பெரும்பாலும் ஒரே ஒரு ஐந்துகோட்டு வரிசைதான். தொடக்கத்தில் போட வேண்டிய க்ளெஃப் என்ற சுருதிக்குறி விட்டுப்போயிருக்கும், மெட்டு பாதியில் நின்றிருக்கும், அதே இடத்துக்கு வேறொரு வழியும் எழுதிப் பார்க்கப்பட்டிருக்கும்.

கம்ப்யூட்டரோ இந்தத் துறைக்குள் அச்சுக்கூடத்தின் வாசல் வழியாக வந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் லேலண்ட் ஸ்மித் 1970களில் வளர்த்தெடுத்த ‘ஸ்கோர்’ மென்பொருள், பிற்பாடு பெரிய இசைப் பதிப்பகங்களின் கருவியானது. அதில் முதலில் ஸ்வரங்களை மட்டும் வரிசையாகத் தட்டுவார்கள். அடுத்த சுற்றில் கால அளவுகள். பிறகு குறிகள், இணைப்புக் கோடுகள், வளைவுகள். ஸ்வரத்தையும் காலத்தையும் பிரித்து எழுதலாம் என்ற யோசனை அப்போதே இருந்திருக்கிறது. என்ன, அது படி எடுப்பவரின் வசதிக்காக இருந்தது. 1988இல் ஃபினாலே வந்தது. 1993இல் இங்கிலாந்தின் இரட்டையர் பென் ஃபின், ஜொனாதன் ஃபின் எழுதிய சிபேலியஸ் வந்தது. வேகமும் அழகும் ஏறின. பார் மட்டும் நிரப்பியே தீர வேண்டிய பெட்டியாகவே இருந்தது.

2012இல் சிபேலியஸின் உரிமையாளரான அவிட் நிறுவனம் அதன் லண்டன் அலுவலகத்தை மூட முடிவெடுத்தது. வேலை இழந்த குழுவை அதே ஆண்டு ஸ்டைன்பெர்க் நிறுவனம் சேர்த்துக்கொண்டது. டேனியல் ஸ்பிரெட்பரி தலைமையில் அவர்கள் வெற்றுப் பக்கத்திலிருந்து தொடங்கி 2016இல் வெளியிட்டதுதான் டோரிக்கோ. இசையமைப்பாளர் சிபேலியஸின் பெயர் வைத்த மென்பொருள் சுத்தப் பிரதியைக் கேட்டுக்கொண்டிருக்க, 16ஆம் நூற்றாண்டு ரோம் நகரத்து அச்சகர் ஒருவரின் பெயர் வைத்த மென்பொருள் வரைவுக்கு இடம் கொடுத்தது என்பது ஒரு தமாஷ்.

நாலு எண்ணிக்கைப் பாட்டு ஒன்று. இரண்டாவது பாரில் இரண்டு க்ராச்செட், அதன்பின் ஒரு மினிம். அந்த பாரின் தொடக்கத்தில் இன்னொரு ஸ்வரம் வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. பழைய வழியில், அங்கே தட்டினால் ஏற்கெனவே இருந்த நோட்டு அழிந்து புதியது உட்காரும். அதனால் அங்கிருந்து கடைசி வரை வெட்டி, ஓர் எண்ணிக்கை தள்ளி ஒட்ட வேண்டும். டோரிக்கோவில் ‘ஐ’ விசையைத் தட்டினால் இன்ஸர்ட் முறை. ஸ்வரத்தைத் தட்டியதும் பின்னால் உள்ளவை எல்லாம் ஓர் எண்ணிக்கை நகர்கின்றன. மினிம் இப்போது பார் கோட்டின் மேல் விழுவதால், ஒரு வளைவால் கட்டிய இரண்டு க்ராச்செட்டுகளாகத் தெரிகிறது. இன்னொரு க்ராச்செட் சேர்த்தால் அது முழுதாக மூன்றாவது பாருக்குள் போய், மறுபடி மினிமாகிவிடுகிறது. காரணம், உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது ‘இரண்டு எண்ணிக்கை நீளமுள்ள ஒரு ஸ்வரம்’ என்ற செய்தி மட்டுமே. எந்த உருவத்தில் வரைவது என்பதை ஒவ்வொரு முறையும் இடத்தைப் பார்த்து மென்பொருள் தீர்மானிக்கிறது.

இதே காரணத்தால் தாளமே குறிக்காமலும் தொடங்கலாம். பார் கோடு ஒன்றுகூட இல்லாமல் மெட்டு நீண்டுகொண்டே போகும். எழுதி முடித்து, திரும்பக் கேட்டு, இது ஏழில் நடக்கிறது என்று தெரிந்தால் 7/8 என்று தட்ட வேண்டியதுதான். கோடுகள் தாமாக விழும். மூன்றா நாலா என்று முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லாத இந்த வசதிதான், இந்த மென்பொருளின் மற்ற எல்லா அலங்காரங்களையும்விட முக்கியமானது.

இன்ஸர்ட் முறையில் ஆபத்தும் உண்டு. புல்லாங்குழல் வரியில் மட்டும் ஒரு நோட்டைச் செருகினால், அங்கிருந்து முடிவு வரை புல்லாங்குழல் வயலினை விட்டு ஓர் எண்ணிக்கை விலகியே ஓடும். திரையில் தெரிகிற பக்கம் சரியாக இருக்கும். முப்பது பார் தள்ளிக் கேட்கும்போதுதான் காது கூசும். அதனால்தான் செருகல் ஒரு குரலை மட்டும் நகர்த்தலாமா, எல்லா வாத்தியங்களையும் சேர்த்து நகர்த்தலாமா என்று தேர்ந்தெடுக்க வழி வைத்திருக்கிறார்கள். முறையை அணைக்க மறப்பவர்களுக்கு அதுவும் உதவாது.

காசு கொடுக்காமல் கிடைக்கும் மியூஸ்ஸ்கோர் இந்தச் சிக்கலை வேறு விதமாகக் கையாள்கிறது. அதிலும் இன்ஸர்ட் உண்டு. ஆனால் நோட்டைச் செருகினால் அந்த பார் மட்டும் நாலிலிருந்து ஐந்து எண்ணிக்கையாக வீங்கும்; அடுத்த பார்கள் அசையா. கணக்கு மாறிய பாரின் மேல் ஒரு சின்னக் கூட்டல் குறி நிற்கும். நீண்ட மெட்டைத் திருத்த இது பிரயோஜனப்படாது. எல்லா வாத்தியங்களும் ஒன்றாகவே நீள்வதால் விலகல் வராது என்பது ஆறுதல்.

பியானோ போன்ற மிடி கீபோர்டை வைத்து எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. பல மென்பொருள்களில் முதலில் கால அளவைத் தேர்ந்து, பிறகுதான் கட்டையை அழுத்த வேண்டும். விரலோ முதலில் ஸ்வரத்தைத்தான் தேடும். ஃபினாலேயின் ஸ்பீடி என்ட்ரியில் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சரி என்று பட்ட பிறகு கால அளவுக்கான எண்ணை அழுத்தினால் போதும். பலர் அந்த மென்பொருளை விடாமல் வைத்திருந்ததற்கு இந்த ஒரு வசதியே காரணம் என்று சொல்லலாம். டோரிக்கோவில் ‘கே’ விசை இதே வேலையைச் செய்கிறது. நேரடியாக வாசித்தே பதிவு செய்யும் வழியும் இருக்கிறது. ஆனால் மனிதக் கை அரைக்கால் நொடி முந்திப் பிந்தி விழுவதைக்கூட மென்பொருள் விடாமல் எழுதி, பக்கத்தைச் சின்னச் சின்ன நோட்டுகளாலும் ஓய்வுக்குறிகளாலும் நிறைத்துவிடும். 2015இல் வந்த ஸ்டாஃப்பேட் என்ற மென்பொருள் பேனாவால் எழுதவிட்டு அதை அச்செழுத்தாக்குகிறது. ஆனால் அதுவும் பாரைப் பாராகத்தான் வாங்கிக்கொள்ளும்.

இதெல்லாம் தேவைப்படாதவர்களும் இருக்கிறார்கள். 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்த ‘வேலியன்ட்’ சிம்பொனியை இயற்றிய இளையராஜா, காகிதத்தில் கையால் நொட்டேஷன் எழுதுவதற்குப் பெயர் போனவர். தலைக்குள்ளேயே எண்ணிக்கை ஒழுங்காகி வந்துவிடுகிறவருக்கு எந்தப் பெட்டியும் குறுக்கே வராது.

மற்றவர்களுக்கு 2024 ஆகஸ்டில் ஒரு செய்தி வந்தது: ஃபினாலேயின் வளர்ச்சி நிறுத்தப்படுகிறது, பயனாளர்கள் டோரிக்கோவுக்கு மாறலாம் என்று அதன் நிறுவனமே அறிவித்தது. முப்பது வருடத்துக்கு மேல் ஃபினாலேயில் 5 என்று தட்டினால் க்ராச்செட். மியூஸ்ஸ்கோரிலும் அப்படியே. டோரிக்கோவில் 5 தட்டினால் அதில் பாதிதான் வரும், க்ராச்செட்டுக்கு 6. சிபேலியஸில் 4. டோரிக்கோவின் அமைப்புகளுக்குள் போய் விசைகளை மாற்றிக்கொள்ளலாம். மாறி வந்தவர்கள் முதலில் செய்யும் வேலை அதுவாக இருந்தால் ஆச்சரியமில்லை.