இடுப்பின் சுற்றளவும் இருதயத்தின் நலமும்

இலண்டன் மாநகரில் முன்னாளில் ஓடிய இரட்டைத்தட்டுப் பஸ் வண்டி ஒவ்வொன்றிலும் இருவர் பணிபுரிந்தனர். ஒருவர் சாரதி, மற்றவர் சீட்டு வழங்கும் நடத்துநர். அத்தகைய வண்டிகள் ஒரு காலத்திற் கொழும்பு வீதிகளிலும் ஓடியமையால் அவர்தம் தொழிலின் இயல்பு நம்மவர்க்குப் புதியதன்று. சாரதி நாள் முழுவதும் இருக்கையில் அமர்ந்திருப்பார். நடத்துநரோ கீழ்த்தட்டுக்கும் மேல்தட்டுக்குமாகப் பல நூறு படிகளை ஏறி இறங்குவார். இவ்விரு சாராரையும் ஆராய்ந்த ஜெறி மொறிஸ் என்னும் வைத்திய அறிஞரும் அவர்தம் குழுவினரும், நடத்துநரைவிடச் சாரதிகளுக்கே மாரடைப்பு மிகுதியாக வருகின்றது என்பதை 1953ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

மூன்று ஆண்டுகளின் பின், 1956இல், அக்குழுவினர் பஸ் ஊழியர்க்கு வழங்கப்பட்ட சீருடைகளின் அளவுகளை ஆராய்ந்தனர். சாரதிகளின் காற்சட்டைகள் இடுப்பில் அகன்றிருந்தன. இவ்வேறுபாடு இளம் வயதுச் சாரதிகளிடத்தும் காணப்பட்டமையால், தொழில் ஒன்றே யாவற்றுக்கும் காரணம் எனக் கூறுதல் பொருந்தாது. எனினும் உடலுழைப்பு, இடுப்பின் அளவு, இருதயத்தின் நலம் ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்து ஆராய வேண்டும் என்பதை உலகம் அன்றே கண்டுகொண்டது.

நம் சமுதாயத்தில் தொந்தி நெடுங்காலம் செல்வத்தின் அறிகுறியாகக் கருதப்பட்டு வந்தது. கையும் காலும் மெலிந்து வயிறு மாத்திரம் முன்தள்ளிய ஒருவரைப் பார்த்துப் "பருமனானவர்" என எவரும் கூறுவதில்லை. அவரும் தம்மை அவ்வாறு எண்ணுவதில்லை. ஆயின் ஆபத்து மறைந்திருப்பது பெரும்பாலும் அத்தகைய உடலிலேயே ஆகும்.

உடற்பருமனை அளக்க உலகெங்கும் வழங்குவது, பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர் கெற்றலே 19ஆம் நூற்றாண்டில் வகுத்த முறையாகும். கிலோவில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அது 25ஐ அடைந்தால் மிகைநிறை எனவும், 30ஐ அடைந்தால் உடற்பருமன் எனவும் பொதுவாகக் கொள்ளப்படும். 165 சென்ரிமீற்றர் உயரமும் 68 கிலோ நிறையும் உடையவர்க்கு அவ்வெண் ஏறத்தாழ 25 ஆகும். ஆயினும் ஆசிய மக்களுட் பலர்க்கு இவ்வெல்லையை எட்டுமுன்னரே நீரிழிவும் இருதய நோயும் தோன்றுகின்றன. ஆதலின் உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிஞர் குழு, ஆசிய மக்களைப் பொறுத்தவரையில் 23 என்னும் எண்ணிலேயே விழிப்புத் தேவை என 2004இல் எடுத்துக் கூறியது. மேற்கூறிய உயரமுள்ளவர்க்கு அது ஏறத்தாழ 63 கிலோவே ஆகும்.

கொழுப்பின் அளவினும் அது தங்கும் இடமே பெரிதென முதன்முதல் வற்புறுத்தியவருள் ஒருவர் பிரான்சு தேசத்து வைத்தியர் ஜோன் வாக். இடையிலும் வயிற்றிலும் திரளும் கொழுப்பே தொடையிலும் பிட்டத்திலும் திரள்வதைக் காட்டிலும் தீங்கு விளைப்பது என்பதை அவர் 1947இல் விளக்கினார். தோலின்கீழ் உள்ள கொழுப்பு பெரும்பாலும் ஒரு சேமிப்பாகவே கிடக்கும். குடலைச் சூழ்ந்த கொழுப்போ ஓயாது கரைந்து, ஈரலுக்குச் செல்லும் குருதியிற் கலக்கின்றது. அதனால் ஈரலிற் கொழுப்புப் படிகின்றது. இன்சுலினின் கட்டளைக்கு உடல் இணங்காது போகின்றது. அக்குறையை ஈடுசெய்யச் சதையி மேன்மேலும் இன்சுலினைச் சுரந்து, ஈற்றிற் களைத்துவிடுமாயின் நீரிழிவு தோன்றும். இரத்த அமுக்கம், மாரடைப்பு, பாரிசவாதம், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படல், முழங்கால் மூட்டுத் தேய்வு, சிலவகைப் புற்றுநோய்கள் ஆகியனவும் உடற்பருமனோடு தொடர்புடையன.

இவ்வாபத்தை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை; தையற்காரரின் அளவுநாடா ஒன்றே போதும். கடைசி விலாவெலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில், நாடாவை இறுக்காது சுற்றி அளத்தல் வேண்டும். தென்னாசிய ஆடவர்க்கு 90 சென்ரிமீற்றரும், கருவுற்றிராத பெண்டிர்க்கு 80 சென்ரிமீற்றரும் எல்லையாகும். "பத்தாண்டாக என் காற்சட்டையின் அளவு மாறவில்லை" என மகிழ்வோர் பலர், அதனைத் தொந்தியின்கீழ் இறக்கி அணிவதை மறந்துவிடுகின்றனர்.

எல்லையைக் கடந்தவர் அஞ்சிப் பட்டினி கிடக்கத் தொடங்குவது தவறான வழி. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1944, 1945ஆம் ஆண்டுகளில் அன்செல் கீஸ் என்னும் அறிஞர், தாமாக முன்வந்த 36 இளைஞர்க்கு ஏறத்தாழ ஆறு மாதங்கள் உணவைப் பாதியாகக் குறைத்தார். அவர்கள் தம் நிறையில் ஏறக்குறைய நாலிலொரு பங்கை இழந்தனர். அதனுடன் அவர்தம் உடல் சக்தியைச் செலவிடுவதையும் சுருக்கிக்கொண்டது. சிந்தனை முழுவதும் உணவிலேயே நின்றது. மீண்டும் வயிறார உண்டபோது கொழுப்பு விரைந்து திரும்பியது. ஆதலாற் கடும் பத்தியத்தால் மெலிந்து மீண்டும் பருத்தவரை மனவுறுதி அற்றவர் எனப் பழித்தல் முறையன்று. அது உடலின் இயற்கை.

நிலைத்த பயன் தருவன சிறு மாற்றங்களே. நாளொன்றுக்கு ஐந்து முறை தேநீர் அருந்தி, ஒவ்வொரு முறையும் இரண்டு தேக்கரண்டி சீனி சேர்ப்பவர், 40 முதல் 50 கிராம் சீனியைத் தேநீர் வழியாகவே உட்கொள்கின்றார். இரண்டாயிரம் கலோரி உண்பவர்க்கு உலகச் சுகாதார நிறுவனம் விதித்த மேல் எல்லையே 50 கிராம்தான். உண்கலத்திற் பாதியைக் கீரைக்கும் மரக்கறிக்கும் ஒதுக்கி, சோறு, பிட்டு, இடியப்பம், பாண் ஆகியவற்றுக்குக் காற்பங்கை அளித்து, எஞ்சியதை மீன், முட்டை, பருப்பு ஆகியவற்றுக்கு விடலாம். வாரத்தில் ஐந்து நாளேனும் அரைமணி நேரம் விரைந்து நடத்தல் நன்று.

இவ்வளவினாற் பயன் விளையுமோ என ஐயுறுவோர்க்கு இரண்டு ஆராய்ச்சிகள் விடை கூறுகின்றன. நீரிழிவின் வாயிலில் நின்றவர்களை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நிறையில் 7 விகிதத்தைக் குறைப்பதையும் வாரத்திற்கு 150 நிமிட உடற்பயிற்சியையும் இலக்காகக் கொண்டோர்க்கு அந்நோய் தோன்றுவது 58 விகிதத்தாற் குறைந்தது. சென்னையில் நடந்து 2006இல் வெளியான ஆராய்ச்சியில், உணவையும் நடையையும் ஒழுங்குசெய்தவர்க்கு நிறை பெரிதும் குறையாதிருந்தும், நீரிழிவு ஏறத்தாழ 28 விகிதத்தாற் குறைந்தது. எனவே, தராசின் முள் அசையவில்லை என மனந்தளர்ந்து நடையைக் கைவிடுவோர், கைக்கு எட்டிய பயனையே இழந்துவிடுவர்.

மிக்க பருமன் உடையோர்க்கு இன்று ஊசிமருந்துகளும் சத்திரசிகிச்சையும் உள. அவை வைத்தியரின் கண்காணிப்பிலேயே பெறற்பாலன. அம்மருந்துகளை நிறுத்தியபின் நிறை பெரும்பாலும் மீள்கின்றது. ஏனையோர் இன்றே அளவுநாடாவை எடுத்து அளந்து, அந்த எண்ணைக் குறித்துவைத்தல் நன்று. எல்லையைக் கடந்திருப்பின் வைத்தியரிடம் சென்று குருதியிற் சீனியின் அளவையும் இரத்த அமுக்கத்தையும் சோதித்துக்கொள்ளட்டும். நோய் வாய்திறந்து பேசுமுன்னரே அதன் வருகையை அறிவிக்க அந்த நாடா வல்லது.