டாக்டர் சுபாஷ் முகர்ஜி செய்தது என்ன?

கருத்தரிப்பு மையங்களில் முட்டை எடுத்து முடிந்ததும் பல பெண்களுக்கு இப்போது சொல்லப்படுவது இதுதான்: "கருவை ஃப்ரீஸ் பண்ணி வைத்துவிடுகிறோம். அடுத்த பீரியட்ஸ் வரட்டும், பிறகு உள்ளே வைக்கலாம்." ஏற்கெனவே வருடக்கணக்கில் காத்திருந்த தம்பதிக்கு இது எரிச்சலூட்டும். ஆனால் காரணம் இருக்கிறது. அதை 1978-லேயே கொல்கத்தாவில் ஒருவர் யோசித்து, செய்தும் காட்டினார்.

டாக்டர் சுபாஷ் முகர்ஜி மருத்துவம் படித்தவர். இனப்பெருக்க உடலியலில் கொல்கத்தாவிலும், பிறகு எடின்பரோவிலும் ஆய்வுப் பட்டம் பெற்றவர். 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டமில் உலகின் முதல் சோதனைக் குழாய் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தார். இரண்டு மாதம் சொச்சம் கழித்து, அக்டோபர் 3 அன்று, கொல்கத்தாவில் முகர்ஜியின் முயற்சியால் உருவான 'துர்கா' பிறந்தார். கருக்குழாய் பழுதான தாயின் குழந்தை.

"இரண்டாவது" என்ற இடத்தைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, இரு தரப்பும் போன பாதை. ஓல்டமில் லூயிஸ் பிறக்கக் காரணமான ராபர்ட் எட்வர்ட்ஸும் பேட்ரிக் ஸ்டெப்டோவும் ஹார்மோன் மருந்துகளோடு மல்லுக்கட்டித் தோற்றுப்போய், கடைசியில் இயற்கையாக அந்த மாதம் முதிரும் ஒரே முட்டையை நம்பினார்கள். வயிற்றில் துளையிட்டு லேப்ராஸ்கோப் மூலம் அதை எடுத்தார்கள்.

முகர்ஜி மருந்தைக் கைவிடவில்லை. மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கும் ஹார்மோனை ஊசியாகப் போட்டு, ஒரே சுழற்சியில் பல முட்டைகளை முதிர வைத்தார். முட்டையையும் வயிறு வழியாக எடுக்கவில்லை; பிறப்புறுப்பின் பின்சுவரில் சிறு கீறலிட்டு எடுத்தார்கள். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. முட்டைக்காகப் போடும் மருந்து கருப்பையின் உட்சுவரையும் கலைத்துவிடும். அந்த மாதம் அது கருவை ஏற்கும் நிலையில் இல்லாமல் போகலாம். அப்படியானால் கருவைப் பத்திரப்படுத்தி, மருந்தில்லாத வேறொரு மாதத்தில் வைத்தால் என்ன?

செல்லை அப்படியே குளிர வைத்தால் உள்ளே இருக்கும் நீர் பனிப்படிகமாகிக் குத்திக் கிழித்துவிடும். அதைத் தடுக்க டைமெத்தில் சல்பாக்ஸைடு என்ற பொருளைப் பயன்படுத்தினார்கள். உறைய வைக்கும் வேலையில் கைகொடுத்தவர் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் சுனித் முகர்ஜி. மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா மூன்றாமவர். கரு ஐம்பது நாட்களுக்கும் மேல் உறைநிலையில் இருந்து, பிறகு தாயின் கருப்பைக்குப் போனது.

முகர்ஜியின் உரிமைகோரலை ஆராய மேற்கு வங்க அரசு விசாரணைக் குழு அமைத்தது. தலைவர் ரேடியோ இயற்பியல் பேராசிரியர்! குழு இந்த உரிமைகோரலை நம்பவில்லை. நியாயமாகச் சொன்னால், வெளியுலகுக்குக் காட்டும் சான்று குறைவுதான். ஊர்ப்பேச்சுக்கு அஞ்சிய பெற்றோர் முன்வரவில்லை. ஆனால் சான்று கேட்பது வேறு, வாயை அடைப்பது வேறு. 1979-ல் ஜப்பானின் கியோட்டோவிலிருந்து வந்த அழைப்பை ஏற்றுச் செல்ல அவருக்கு விடுப்பு மறுக்கப்பட்டது. 1981-ல், ஹார்மோன் ஆய்வாளரான அவரைக் கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினார்கள். அந்த ஆண்டு ஜூன் 19 அன்று தற்கொலை செய்துகொண்டார். வயது 50.

1986-ல் மும்பையில் பிறந்த ஹர்ஷாதான் இந்தியாவின் முதல் சோதனைக் குழாய் குழந்தை என்று பதிவானது. அந்தச் சாதனைக்குப் பின்னால் இருந்த விஞ்ஞானி டி.சி. ஆனந்த் குமார். 1997-ல் முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகள் அவரிடம் வந்தன. படித்துப் பார்த்தவர், முதலாவது தான் அல்ல, முகர்ஜியே என்று 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார். தன் பெயருக்கு இருந்த பெருமையைத் தானே விட்டுக்கொடுத்தது அறிவியல் உலகில் அபூர்வம். 2002-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அதை ஏற்றது. தன் 25-வது பிறந்தநாளையொட்டி துர்காவும் வெளிப்படையாகப் பேசினார்.

உறைந்த கருவிலிருந்து பிறந்த முதல் குழந்தை 1984-ல் மெல்போர்னில் பிறந்ததாகத்தான் உலகப் பாடநூல்கள் இன்னும் சொல்கின்றன. முகர்ஜி குழுவின் சிறு அறிக்கையோ 1978-லேயே இந்தியக் குளிரியல் ஆய்விதழில் வெளியாகிவிட்டது. மகப்பேறு மருத்துவர்கள் யாரும் புரட்டிப் பார்க்காத இதழ் அது.