கடற்குகைப் பளிங்கின் பிறப்பிடம்

உரோமை நகருக்கும் நாப்பொலிக்கும் இடையே, திரேனியக் கடலோரத்தில் இசுபெர்லோங்கா என்னும் சிற்றூர் உள்ளது. ஊர்ப்புறத்தே கடலை நோக்கி வாய்திறந்த பெருங்குகை ஒன்று. அதிலிருந்து நடந்துசெல்லும் தொலைவில் சிறியதொரு தொல்பொருள் காட்சியகம். உரோமைச் சிற்பம் காண விழைவோர் பெரும்பாலும் வாத்திகனின் நெடுங்கூடங்களையே நாடுவர். அங்குள்ள பளிங்கு உருவங்கள் பேரழகின. ஆனால் அவற்றுட் பல, தாம் நின்ற இடத்தை இழந்தவை. எங்கே நின்றது, யாருக்காக நின்றது, எம்மலையின் கல் என்னும் மூன்று வினாக்களையும் ஒருங்கே எழுப்பி விடை தேடுவதற்கு இசுபெர்லோங்காவைப் போன்ற இடம் அரிது.

குகையை ஒட்டியிருந்த மாளிகை பேரரசன் திபேரியசோடு தொடர்புடையது. கோவை வட்டாரத்துப் புதையல்களில் கிடைத்த உரோமை வெள்ளிக்காசுகள் பலவற்றில் தலை பொறிக்கப்பட்டிருப்பவன் இவனே. கி.பி. 26இல் அவன் இக்குகையில் விருந்துண்டபோது வாயிலருகே பாறைகள் சரிந்தன. செயானசு என்னும் படைத்தலைவன் தன் உடலையே காப்பாக்கி மன்னனை மறைத்தான் என்று வரலாற்றாசிரியர் தாசித்தசு எழுதியுள்ளார். குகைக்குள் வட்டக்குளம்; அதன் முன்னே மீன் வளர்த்த நீள்குளம்; அந்நீர் நடுவே விருந்துத்திட்டு. அத்திட்டில் அமர்ந்தோர் கண்ணுக்கு நேரே, குகையின் இருளில், ஓமரின் கதைமாந்தர் பளிங்காய் நின்றனர்.

1957இல் கடலோரச் சாலை அமைக்கும் பணியின்போது இவ்வுருவங்கள் வெளிப்பட்டன. ஒன்றேனும் முழுமையாக இல்லை. ஆயிரக்கணக்கான துண்டுகளாகச் சிதறிக் கிடந்தன. அவற்றை உரோமைக்கு எடுத்துச் செல்ல முனைந்தபோது ஊர்மக்கள் வழிமறித்து நின்றனர். அவர்தம் உறுதியால் அங்கேயே காட்சியகம் எழுந்து, 1963இல் திறக்கப்பட்டது. அம்மக்கள் காத்தது தம் ஊர்ப்பெருமையை மட்டுமன்று. துண்டையும் அது கிடந்த களத்தையும் பிரியாமல் காத்தனர். ஆய்வுக்கு அதனினும் பெரிய உதவி வேறில்லை.

உள்ளே நுழைவோரை முதலில் திகைக்க வைப்பது அளவு. ஒற்றைக்கண் அரக்கன் பாலிபீமசு மதுமயக்கத்தில் சாய்ந்து கிடக்க, ஒடிசியசும் தோழரும் கூர்முனைக் கழியை அவன் கண்ணில் பாய்ச்சும் காட்சி அது. அரக்கனில் எஞ்சியவை காலும் கையும் போன்ற சில பகுதிகளே. முழு அமைப்பை விளக்கச் சுதையால் மீட்டுருவம் செய்து வைத்துள்ளனர். எனினும் சுதையைவிட, எஞ்சிய பளிங்கே நெஞ்சைப் பற்றுகிறது. மதுத்தோற்பையைச் சுமந்தவன் பின்வாங்கியபடியே திரும்பிப் பார்க்கிறான். அச்சம் அவன் தோளிலும் விலாவிலும் இறுகியிருக்கிறது. ஒடிசியசின் தலையில் கூம்புத்தொப்பி, கலைந்த தாடி, சற்றே திறந்த வாய். அப்பால், வட்டக்குளத்தின் நடுவே நின்ற கடலரக்கி சில்லா: இடைக்கு மேல் பெண், இடையிலிருந்து பாயும் நாய்த்தலைகள் மாலுமிகளைக் கவ்வுகின்றன. அவளது பெருங்கை மீகாமனின் தலையைப் பற்றியிருக்கும் துண்டு இன்றும் உண்டு. விரல்களின் அழுத்தத்தைக் கல்லில் காட்டிய சிற்பியின் உடலறிவு வியப்புக்குரியது.

அச்சிற்பத்தின் கப்பற்பகுதியில் கிரேக்கக் கல்வெட்டு ஒன்றுள்ளது. அத்தெனோதோரோசு, அகேசாந்திரோசு, பொலிதோரோசு என்னும் உரோடுத் தீவினர் மூவர் இதனைச் செய்தனர் என்கிறது அது. 1506இல் உரோமையில் கண்டெடுக்கப்பட்ட புகழ்பெற்ற இலாவோகூன் சிற்பத்துக்கும் இம்மூன்று பெயர்களையே உரோமை எழுத்தாளர் பிளினி கூறுகிறார். ஆகவே, இவை எக்காலத்தன என்னும் வினா பெருவழக்காயிற்று. உடற்கூற்றின் முறுக்கையும் முகக்குறிப்பையும் கண்டு கி.மு. இரண்டாம் நூற்றாண்டு என்றனர் சிலர்; திபேரியசின் காலம் என்றனர் பிறர்; இன்னும் பிந்தியது என்றோரும் உளர். பாணியை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இவ்வழக்கு தீராது. பழைய பாணியில் வல்லவன் எந்நூற்றாண்டிலும் பிறக்கலாம்.

கல்லுக்கோ அவ்வாறு வேடமிட இயலாது. பளிங்கு என்பது நிலத்தின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மறுபடிகமான சுண்ணாம்புக்கல். அது உருவான கடற்படிவும், உருமாற்றத்தின்போது ஊடுருவிய நீரும், அடைந்த வெப்பநிலையும் மலைக்கு மலை வேறுபடும். அவ்வேறுபாடு, கல்லில் அடங்கிய கரிமம், உயிர்வளி ஆகியவற்றின் ஓரிடத்தனிமங்களின் விகிதத்தில் பதிந்திருக்கும். சிற்பத்தின் மறைவான பகுதியிலிருந்து சில மில்லிகிராம் துகள் எடுத்து அமிலத்தில் கரைத்தால் கரியமிலவளி எழும். நிறைநிறமாலைமானி அதில் கரிமம்-13, உயிர்வளி-18 ஆகியவற்றின் பங்கை அளக்கும். இரு குவாரிகளின் அளவுகள் ஒன்றன்மேலொன்று படிவதும் உண்டு. அந்நிலையில் படிகமணிகளின் பருமனையும், சுவட்டளவாய்க் கலந்த மாங்கனீசின் காந்தக் குறிகளையும் சேர்த்தே முடிவு காண்பர்.

இம்முறையில் ஆராய்ந்து 2015இல் வெளியிடப்பட்ட முடிவு, இசுபெர்லோங்காச் சிற்பங்களின் பளிங்கு தொகிமியத்தைச் சேர்ந்தது என்கிறது. தொகிமியம் இன்றைய துருக்கியின் அப்யோன் பகுதியில், கடலிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால், உள்நாட்டு மேட்டுநிலத்தில் உள்ளது. இத்தாலியிலேயே கராராவின் வெண்பளிங்கு வெட்டப்பட்டு வந்த காலத்தில், இத்தனை பெருங்கற்களை நிலவழியே கடற்கரைக்கு இறக்கிக் கப்பலேற்றுவதற்குப் பேரரசின் ஆற்றல் வேண்டும். அக்குவாரியில் முன்பு சிறுகற்களே எடுக்கப்பட்டன. உரோமையரின் ஆடம்பரத்தால் தம் காலத்தில் பெருந்தூண்களே வெட்டப்படுகின்றன என்று புவியியலாளர் இசுத்திராபோ குறித்துள்ளார். அவர் அகசுத்தசு, திபேரியசு காலத்தவர். அவர் கூற்றையும் ஆய்வக அளவையும் இணைத்துப் பார்க்கின், கி.மு. இரண்டாம் நூற்றாண்டு என்னும் வாதம் தளர்கிறது. நான் கல்லின் பக்கமே நிற்கிறேன். திபேரியசு ஆட்சிக்கு வருமுன் உரோடுத் தீவில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவன் என்பதையும் இங்கு எண்ண வேண்டும். அத்தீவின் சிற்பிகளை அவன் அறிந்திருக்க வாய்ப்பு மிகுதி.

குகைவாயிலின் மேலே நின்ற, கனிமீடு என்னும் இளைஞனின் சிலை, காட்சியகத்தில் தனியே காணத்தக்கது. கழுகு தூக்கிச் செல்லும் அவ்விளைஞனின் உடல் ஊதாக்கோடுகள் ஓடிய பளிங்கு, தலை வெண்பளிங்கு. அவ்வூதாப் பளிங்கும் தொகிமியத்தின் விளைவே. மலையில் வெண்மையும் ஊதாவும் அடுத்தடுத்துப் படிந்திருக்க, எதைக் குகையின் இருளுக்கும் எதைக் கடல்வெளியின் கதிரொளிக்கும் கொள்வது என்று ஒருவர் ஆய்ந்து தேர்ந்திருக்கிறார். கோடுகள் ஓடிய கல்லில் முகத்தின் நுட்பம் மறையும் என்று கண்டே தலைக்கு மட்டும் வெண்கல் கொண்டார் போலும்.